"இந்த வண்டியோட கேரக்டரே அப்படித்தான் சார்"னு சொன்னா நம்பி வீட்டுக்கு வந்துடாதீங்க

பழைய கம்பெனி, பெரிய பாரம்பரியம், அந்தக் காலத்துலயே ரேஸ்ல கலக்குனவங்கன்னு ஷோரூம் சுவத்துல மாட்டி வச்சிருக்கற கருப்பு வெள்ளை போட்டோவ பாத்துட்டு கார் வாங்கலாம்னு இருக்கறவங்க, முக்கியமா கம்பெனியோட சொந்த "சர்ட்டிஃபைட்" யூஸ்டு கார் பிரிவுல ஆட்டோமேட்டிக் வாங்கப் போறவங்க, இத முழுசா படிச்சுட்டு போங்க. எந்த கம்பெனின்னு சொல்லல. விவகாரம் இன்னும் ஓடிட்டு இருக்கு, அதுவுமில்லாம இது ஒரே ஒரு கம்பெனியோட நிக்கற கதையும் இல்ல.

வண்டி டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். உள்ள ரெண்டு கிளட்ச் (இன்ஜினோட சக்திய கியருக்கு சேத்து விடற, பிரிச்சு விடற பாகம்), ஒண்ணு 1, 3, 5ன்னு ஒத்தப்படை கியர பாத்துக்கும், இன்னொண்ணு ரெட்டப்படைய. நீங்க ரெண்டாவதுல போயிட்டிருக்கும்போதே மூணாவது ரெடியா நிக்கும், அதனால கியர் மாறுறதே தெரியாது, மைலேஜும் கிட்டத்தட்ட மேனுவல் அளவுக்கு வரும். கேக்க அருமையாத்தான் இருக்கு. ஆனா இதுல வெட் (ஈரம்), ட்ரை (காஞ்சது)ன்னு ரெண்டு வகை இருக்குன்னு சேல்ஸ்ல யாரும் வாயே தொறக்க மாட்டாங்க. வெட்னா கிளட்ச் ஆயில்ல முங்கிக் கெடக்கும், சூட்ட ஆயில் வாங்கிட்டு போயிடும். ட்ரைல அது கிடையாது, காத்துல ஆறுனாத்தான் உண்டு. ரோடு காலியா இருந்தா ஒரு தொல்லையும் இல்ல, ஆனா ஊர்ந்து ஊர்ந்து நகர்ற ட்ராஃபிக்ல கம்ப்யூட்டர் கிளட்ச்ச முழுசா பிடிக்கவும் விடாது விடவும் விடாது, பாதியில தேய விட்டே ஓட்டும், சூடு ஏறும், லைனிங் (கிளட்ச்ல உராயுற பரப்பு) கிளேஸ் ஆகும், அதாவது வழவழன்னு ஆயிடும், அப்புறம் சிக்னல்ல இருந்து கிளம்புற நேரமெல்லாம் உதறல். என் வண்டில முதல் கியர்ல இருந்து ரெண்டாவதுக்கு போறப்ப குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி ஸ்டியரிங் சீட்டு டேஷ்போர்டு எல்லாம் சேந்து நடுங்கும். காலைல வண்டி ஆறி இருக்கும்போது ஒண்ணுமே இருக்காது, சாயங்காலம் நெரிசல்ல மாட்டுனா ஆரம்பிச்சிடும்.

சர்வீஸ் சென்டருக்கு போனேன். அட்வைசர் ரொம்ப மரியாதையான பையன், ஓட்டிப் பாத்தாரு (காலைல, ஆறின வண்டிய), "நார்மல்தான் சார், இந்த கியர்பாக்ஸ் கேரக்டரே அப்படித்தான், நீங்க ஆக்சிலரேட்டர கொஞ்சம் பொறுமையா குடுங்க"ன்னாரு. அதாவது தப்பு வண்டில இல்ல, என் கால்ல. லேப்டாப்ப மாட்டி கிளட்ச் ரீலேர்ன் (கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு கம்ப்யூட்டருக்கு மறுபடி கத்துக்குடுக்கறது) ஏதோ பண்ணிக் குடுத்தாங்க, கொஞ்ச நாள் வெண்ணெயா ஓடுச்சு, திரும்ப அதே உதறல், திரும்ப போறேன், திரும்ப அதே டயலாக், திரும்ப லேப்டாப். இப்படியே மாசக்கணக்கா போச்சு.

இங்கதான் நல்லா கவனிக்கணும். நான் வாய்விட்டு சொன்னது "ட்ராஃபிக்ல சூடானதும் 1ல இருந்து 2 போறப்ப உதறுது". ஜாப் கார்டுல (வண்டிய விடும்போது என்ன குறைன்னு எழுதற சீட்டு) அவங்க எழுதுனது "ஜெனரல் செக்கப்". ஒரு தடவ "சாஃப்ட்வேர் அப்டேட்"னு இருந்துச்சு, இன்னொரு தடவ வாட்டர் வாஷ் மட்டும்தான் பதிவுல இருக்கு, கேட்டா சிஸ்டம்ல அந்த கம்ப்ளெயிண்ட் ஆப்ஷன் இல்லைங்கறாங்க. ஒரு தடவை கூட "உதறல்"ங்கற வார்த்தை பேப்பர்ல ஏறல. ஏன்னு அப்ப புரியல. யூஸ்டு கார் வாரண்டி முடிஞ்சுது, அடுத்த விசிட்லயே அதே அட்வைசர், வண்டிய நிறுத்தி பாக்கற அதே இடம், "கிளட்ச் பேக் போயிடுச்சு சார், ஆக்சுவேட்டரும் சேத்து மாத்திடறது பெட்டர்" (ஆக்சுவேட்டர்னா கம்ப்யூட்டர் சொல்றபடி கிளட்ச்ச இயக்கற பாகம்). அட, இத்தன நாள் கேரக்டரா இருந்தது ஒரே ராத்திரில ரிப்பேர் ஆயிடுச்சா? வாரண்டிக்குள்ளயே சொன்னேனேன்னு கேட்டா "சொன்னதுக்கு ரெக்கார்டு இல்லையே சார்".

சரி, எக்ஸ்டெண்டட் வாரண்டின்னு தனியா காசு கட்டி வாங்குனது இருக்கேன்னு அத எடுத்து நீட்டுனா, கிளட்ச் தேய்மானப் பாகம், கவர் ஆகாதாம். மேனுவல் வண்டில இந்த ரூல் நியாயம், டிரைவர் கால கிளட்ச் மேலயே வச்சிட்டு ஓட்டுனா கம்பெனி என்ன பண்ணும். ஆனா என் வண்டில கிளட்ச் பெடலே கிடையாதுங்க! எப்ப பிடிக்கணும் எப்ப விடணும் எவ்ளோ தேய விடணும்னு முடிவு பண்றது முழுக்க அவங்க எழுதுன சாஃப்ட்வேர். தேய்ச்சது அவங்க கம்ப்யூட்டர், பில்லு மட்டும் என் பேர்ல. இத கேட்டதுக்கு மேனேஜர்கிட்ட இருந்து இன்னி வரைக்கும் நேரான பதில் இல்ல, டீ சொல்லட்டுமான்னு கேட்டாரு.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. வேற ஒரு சர்வீஸ் சென்டர்ல, அதே பிராண்டுதான், முழு சர்வீஸ் ஹிஸ்டரிய பிரிண்ட் எடுத்துக் குடுத்தாங்க. எனக்கு வித்தவங்க குடுத்த ஹிஸ்டரில வெறும் ஆயில் சேஞ்ச், பிரேக் பேடுதான் இருந்துச்சு. இதுல முதல் ஓனர் இதே கம்ப்ளெயிண்ட்டோட வந்துட்டு போன வரலாறே இருக்கு, அவருக்கும் அதே ரீலேர்ன். கடைசில வெறுத்துப் போயி அதே டீலர்கிட்ட வண்டிய எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிட்டு போயிருக்காரு. அத ஒரு ரீலேர்ன் போட்டு, பாலிஷ் போட்டு, பாயிண்ட் பாயிண்ட்டா டிக் அடிச்ச செக்லிஸ்ட்ல கியர்பாக்ஸுக்கு எதிர்ல "ஓகே"ன்னு எழுதி என் தலைல கட்டிருக்காங்க. தெரியாம வித்தாங்கன்னு யாரும் சொல்ல வராதீங்க, அந்த ஹிஸ்டரி அவங்க சிஸ்டத்துல ஒரு கிளிக்ல இருக்கு.

நமக்கு மட்டும்தான் இப்படியான்னு தேடிப் பாத்தா, உலகம் பூரா இதே ஸ்க்ரிப்டுதான். என் வண்டி இந்த கம்பெனின்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க, கோர்ட்டு வரைக்கும் போயி ரெக்கார்டுல இருக்கறதுனால சொல்றேன், ஃபோர்டு. 1903ல ஆரம்பிச்ச கம்பெனி, மாடல் டி ஒண்ண மட்டுமே 1908ல இருந்து 1927 வரைக்கும் ஒன்றரை கோடி வித்தவங்க, நகர்ற அசெம்ப்ளி லைன உலகத்துக்கே காட்டுனவங்க. அவங்க ஃபியஸ்டா, ஃபோகஸ்ல போட்ட பவர்ஷிஃப்ட்ங்கற ட்ரை டூயல் கிளட்ச்ல உள்ள ஷாஃப்ட் சீல் (ஆயில் வெளிய வராம தடுக்கறது) கசிஞ்சு, காஞ்சிருக்க வேண்டிய கிளட்ச் மேல ஆயில் பட்டு உதறல். ஆஸ்திரேலியால வாடிக்கையாளர்கள்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? நீங்க ஓட்டுற விதம்தான் காரணம்னு. பிரச்சனை இருக்குன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சுக்கிட்டே. அதுமட்டுமில்ல, சிலர்கிட்ட மேல காசு வாங்கிட்டு வண்டி மாத்திக் குடுத்து, திரும்ப வாங்குன வண்டிகள உதறல் விஷயத்த சொல்லாம அடுத்தவங்களுக்கு வித்திருக்காங்க. 2018 ஏப்ரல்ல அந்த நாட்டு ஃபெடரல் கோர்ட் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு. படிக்கும்போது எனக்கு என் ஃபைல யாரோ எடுத்து எழுதுன மாதிரியே இருந்துச்சு. ஒரு வித்தியாசம், அமெரிக்காவுல அதே ஃபோர்டு அந்த கிளட்ச்சுக்கு 7 வருஷம் அல்லது 1 லட்சம் மைல்னு வாரண்டிய நீட்டிக் குடுத்துச்சு. தேய்மானப் பாகம்னு சொல்ற வாய் எப்ப மூடும்னு புரியுதா, நெறைய பேர் ஒண்ணா சேந்து ரெக்கார்டோட நின்னாத்தான் மூடும்.

ஃபோக்ஸ்வாகனோட டூயல் கிளட்ச்சுக்கு டிஎஸ்ஜின்னு பேர், அதுல டிக்யூ200ங்கற 7 கியர் வகையும் ட்ரைதான். 2013 மார்ச்ல சீனாவுல மட்டும் 3,84,181 வண்டி திரும்ப கூப்பிட்டாங்க, அந்த வருஷ நவம்பர்ல உலகம் முழுக்க 16 லட்சம். கியர்பாக்ஸ்ல ஊத்துன சிந்தெட்டிக் ஆயில் எலக்ட்ரிக்கல் பக்கம் வேலைய காட்டுனதால மினரல் ஆயிலுக்கு மாத்துனாங்க. அதே கம்பெனி அதுக்கு முன்னாடி விட்ட 6 கியர் டிஎஸ்ஜி, வெட் கிளட்ச், அதுக்கு இந்த ரீகால் இல்ல. பேட்ஜ் ஒண்ணுதான், பேர் ஒண்ணுதான், உள்ள இருக்கற சாமான் வேற. அதனால "அந்த கம்பெனி நல்ல கம்பெனியா?"ங்கற கேள்வியே வேஸ்ட். எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்த வருஷம், இது மூணும் இல்லாம நல்லதுன்னும் சொல்ல முடியாது கெட்டதுன்னும் சொல்ல முடியாது.

பாரம்பரியம் பத்தியும் சொல்லணும், ஏன்னா எனக்கு வண்டிய வித்த பையன் பாதி நேரம் அததான் பேசுனான். இத்தாலில லான்சியான்னு ஒரு கம்பெனி, 1906ல டூரின்ல ஆரம்பிச்சது. தனி சேஸி (வண்டிய தாங்குற அடிச்சட்டம்) இல்லாம பாடியையே சேஸியா வச்சு 1922லயே லாம்டான்னு கார் காட்டுனாங்க, 1950ல ஆரேலியால முதல் ப்ரொடக்‌ஷன் வி6 இன்ஜின் (ஆறு சிலிண்டர் வி வடிவத்துல நிக்கறது) போட்டாங்க. இன்ஜினியருங்க கும்பிடற பேர். காசு தீந்து 1969ல ஃபியட்கிட்ட போச்சு, 1972ல பீட்டான்னு ஒரு கார், ஓட்ட சூப்பர். ஆனா துரு. மேல கீழ துரு இல்ல, இன்ஜின தாங்குற சப்ஃப்ரேம் பிடிப்புலயே துரு. பிரிட்டன்ல 1980ல விஷயம் பேப்பர்ல வெடிச்சு, வண்டிகள திரும்ப வாங்கி நசுக்குனாங்க, அதுக்கப்புறம் அந்த ஊர்ல பேரு எழும்பவே இல்ல, 1994ல கடைய மூடிட்டு போயிட்டாங்க. லாம்டா செஞ்ச தாத்தா பெருமை பீட்டாவோட துருவ நிறுத்தல.

இதுக்கு நேர் எதிர், ஒரு வரலாறும் இல்லாம வந்தவங்க லெக்ஸஸ். 1989ல முதல் கார், அதே டிசம்பர்ல ஒண்ணு ரெண்டு புகார் வந்த உடனே வித்த சுமார் 8,000 வண்டியையும் வீட்டுக்கே போயி எடுத்து, சரி பண்ணி, கழுவி, டேங்க் ரொப்பி திருப்பிக் குடுத்தாங்க. பிராண்ட புதுசா விட்ட சில மாசத்துலயே ரீகால்! அதுவே அவங்க பேர ஏத்துச்சு. வண்டில குறை வராம இருக்காது, குறைய சொன்னா என்ன பண்றாங்கங்கறதுதான் விஷயம்.

அவார்டு ஸ்டிக்கர பாத்தும் ஏமாறாதீங்க. வண்டி வாங்குனவங்கள்கிட்ட சர்வே எடுக்கற ஜே.டி. பவர்ங்கற அமெரிக்க கம்பெனில "இனிஷியல் குவாலிட்டி"ன்னு வர்ற லிஸ்ட் முதல் 90 நாள் அனுபவத்த வச்சு போடறது. 3 வருஷம் ஓடுன வண்டிக்கு "டிபெண்டபிலிட்டி"ன்னு தனி லிஸ்ட் இருக்கு. விளம்பரத்துல எத பெருசா போடுவாங்கன்னு நான் சொல்லணுமா. ட்ரை கிளட்ச் 90 நாள்ல அருமையாத்தான் ஓடும்.

யூஸ்டு வாங்கறவங்க செய்ய வேண்டியது. டெஸ்ட் டிரைவுக்கு காலைல வாங்கன்னா போகாதீங்க, நெரிசல் நேரத்துல, வண்டி நல்லா சூடான பிறகு, ஏத்தத்துல நிறுத்தி நிறுத்தி கிளப்பிப் பாருங்க, ரிவர்ஸும் ஏத்தத்துல போட்டுப் பாருங்க. ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல மாட்டி எரர் கோடு படிக்கற கருவி) ஒண்ணு கையில வச்சுக்கங்க, எரர் கோடு ஒண்ணும் இல்லேன்னு காட்டுனா மட்டும் சந்தோஷப்படாதீங்க, ரெடினஸ்ங்கற எடத்துல (வண்டி தன்னத்தானே செஞ்சுக்கற சோதனைங்க முடிஞ்சுதான்னு காட்டறது) நெறைய "இன்கம்ப்ளீட்"னு இருந்தா யாரோ சமீபத்துல அழிச்சிருக்கலாம், இல்ல பேட்டரி கழட்டி மாட்டிருக்கலாம், ஏன்னு கேளுங்க. சேசிஸ் நம்பர வச்சு ரீகால் பாக்கி இருக்கான்னு பாருங்க. சர்வீஸ் ஹிஸ்டரிய விக்கறவன்கிட்ட வாங்காதீங்க, சம்பந்தமில்லாத வேற சென்டர்ல முழுசா எடுங்க, முடிஞ்சா முதல் ஓனர்கிட்ட ஒரு போன்.

ஏற்கனவே வாங்கி மாட்டிக்கிட்டவங்க: ஜாப் கார்டுல நீங்க சொன்ன வார்த்தை அப்படியே ஏறாம கையெழுத்து போடாதீங்க. "சிஸ்டம்ல ஆப்ஷன் இல்ல"ன்னா பேனாவுல எழுதி சீல் வைக்கச் சொல்லுங்க. அதுக்கும் மாட்டேன்னா அங்க நின்னுக்கிட்டே அவங்களுக்கும் கம்பெனி தலைமை ஆபீஸுக்கும் ஒரு மெயில், தேதி, கிலோமீட்டர், என்ன குறை, யார் என்ன பதில் சொன்னாங்கன்னு. "நார்மல்"னு சொன்னா அந்த நார்மல எழுத்துல குடுங்கன்னு கேளுங்க, குடுக்க மாட்டாங்க, அதுலயே தெரிஞ்சிடும். உதறல வீடியோ எடுக்கறப்ப ஆர்பிஎம் மீட்டர் (இன்ஜின் எவ்ளோ வேகமா சுத்துதுன்னு காட்டறது) தெரியற மாதிரி எடுங்க. பில்லு, சர்வீஸ் புக் எதையும் தொலைக்காதீங்க, நாளைக்கு கம்பெனி வாரண்டி நீட்டுனாலும் அதுக்கு இதுதான் கேப்பாங்க, பெஜோ சிட்ரோயன் 1.2 ப்யூர்டெக் இன்ஜின்ல ஆயில்ல ஓடுற பெல்ட் கரைஞ்சு போன விவகாரத்துல அந்த பிராண்டுகளோட தாய்க் கம்பெனி ஸ்டெல்லாண்டிஸ் 10 வருஷம் இல்லைன்னா 1,75,000 கிலோமீட்டர்னு கவர் குடுத்தப்பவும், முறையா சர்வீஸ் பண்ணதுக்கு ஆதாரம் இருக்கறவங்களுக்குத்தான்.

என் கதை இப்ப எங்க நிக்குதுன்னா, ரெண்டு ஹிஸ்டரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, முதல் ஓனரோட கம்ப்ளெயிண்ட்ட மார்க்கர் போட்டு தலைமை ஆபீஸுக்கு அனுப்பிருக்கேன். ஃபீட்பேக் கால் மட்டும் தவறாம வருது, 10க்கு 10 குடுங்க சார்னு. போன வாரம் டீலர்கிட்ட இருந்து வேற ஒரு ஆஃபர், இந்த வண்டிய எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டு புது மாடல் எடுத்துக்கங்க, லாயல்ட்டி போனஸ் தர்றோம்னாங்க. அதுல என்ன கியர்பாக்ஸ்னு கேட்டேன். "அதேதான் சார், ஆனா சாஃப்ட்வேர் புதுசு." நான் குடுக்கற வண்டிய அடுத்து யாருக்கு, என்ன எழுதி விப்பீங்கன்னு கேட்டதுக்கு லைன ஹோல்டுல போட்டாங்க.