கேம்டிக்கா, மைன்கிராஃப்ட்-சர்வர்-யூடிலா?

ஜூன் பள்ளி விடுமுறைக்கு, ஈசூன் வீட்டில் சும்மா கிடந்த மடிக்கணினியில் அக்கா பிள்ளைகளுக்காக ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் ஓட்டினேன். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் சொல்ல ஒரு பாட், அதாவது தானாகச் செய்தி போடும் நிரல், வேண்டும். அது வாடகை மெஷினில், நோட்.ஜேஎஸ்ஸில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் தளம்) ஓடுகிறது. சர்வரிடம் விவரம் கேட்க அதற்கு ஆயத்தமாக இருக்கும் இரண்டு நூலகங்களைத்தான், கேம்டிக்கையும் மைன்கிராஃப்ட்-சர்வர்-யூடிலையும், முயன்று பார்த்தேன். (பிரவுசர் பக்கத்திலிருந்தே கேட்கலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டு நூலகமும் அங்கே ஓடாது.)

முதலில் மைன்கிராஃப்ட்-சர்வர்-யூடில். மைன்கிராஃப்ட்டைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. சர்வரின் முகவரியும் 25565 என்ற போர்ட் எண்ணும் கொடுத்து ஸ்டேட்டஸ் (சர்வரின் நிலை) கேட்டால் பதிப்பு, ஆட்கள் எண்ணிக்கை, பெயர்கள் வந்துவிடும். அரை மணி நேர வேலை.

ஞாயிறு மாலை 15 பேர் உள்ளே இருந்தார்கள். எண்ணிக்கை சரி, பெயர்கள் 12தான். "மாமா, என் பேர் மட்டும் ஏன் வரல?" என்று அக்கா மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மறுபடி கேட்டால் அவன் பெயர் வந்தது, தங்கை பெயர் காணோம். இதில் நூலகத்தின் மேல் தப்பில்லை. ஸ்டேட்டஸ் பதிலில் சர்வரே மாதிரிக்கு 12 பெயர்களைத்தான் கலைத்துப் போட்டு அனுப்புகிறது. முழுப் பட்டியலுக்கு சர்வர்.ப்ராப்பர்டீஸ் என்ற சர்வரின் அமைப்புக் கோப்பில் எனேபிள்-க்வெரியை ட்ரூ ஆக்கி, இந்த நூலகத்தின் க்வெரி ஃபங்ஷனைத் தனியாக அழைக்க வேண்டும். அது ஸ்டேட்டஸ் போல டிசிபி வழியில் போகாது, யூடிபி என்ற வேறு வழியில் போகும். ரவுட்டரில் டிசிபியை மட்டும் திறந்து வைத்திருந்ததால் எனக்கு இன்னொரு மணி நேரம் போனது.

அப்புறம் கேம்டிக். 300க்கும் மேற்பட்ட விளையாட்டுகளின் சர்வர்களோடு பேசத் தெரிந்தது. மைன்கிராஃப்ட் என்று சொன்னால் ஸ்டேட்டஸ், க்வெரி, பெட்ராக் (கைபேசி, கன்சோல்களில் ஓடும் மைன்கிராஃப்ட் வகை) மூன்றையும் தானே கேட்டு, கிடைத்ததை ஒன்றாகத் தொகுத்துத் தரும். எனேபிள்-க்வெரியை நாம்தான் திறக்க வேண்டும், அதில் சலுகை கிடையாது. எந்த விளையாட்டானாலும் பதிலின் அமைப்பு ஒன்றே: பெயர், மேப், ஆட்கள், பிங் (பதில் வர ஆகும் நேரம்). எரிச்சலும் உண்டு. 5ஆம் பதிப்பில் விளையாட்டுகளின் அடையாளப் பெயர்கள் பல மாறிவிட்டன, பழைய உதாரணங்களை அப்படியே ஒட்டினால் ஓடாது.

மைன்கிராஃப்ட் மட்டும்தான் என்றால் முதலாவதே போதும். சர்வருக்குக் கட்டளை அனுப்ப ஆர்கான் என்ற வசதியும் அதில் இருக்கிறது. நான் கேம்டிக்கை வைத்துக்கொண்டேன். ஏனென்றால் அக்கா மகன் இப்போது கேரிஸ் மாட் என்ற வேறொரு விளையாட்டுக்கும் சர்வர் கேட்கிறான். பாட் நிரலில் மாற வேண்டியது விளையாட்டின் பெயரும் போர்ட்டும்தான். அங்கே ஆட்களின் பெயர், ஸ்கோர், எவ்வளவு நேரமாக விளையாடுகிறார்கள் என்பது வரை வரும், ஸ்டீம் ஐடி (ஸ்டீம் தளத்தில் ஒருவரின் கணக்கு எண்) மட்டும் வராது. எவ்வளவு நேரம் என்பதை அக்காவிடம் காட்டுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.