ஆசனப்பட்டியா, எயார் பேக்கா?

ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் வாங்கப் போனால் நம்மாட்கள் முதலில் கேட்பது "எத்தனை எயார் பேக்?" என்றுதான். பட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மலைப் பாதைக்கு என் வாக்கு பட்டிக்கே.

றம்பொடை வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் உருண்டால் முன்பக்க எயார் பேக் விரியாமலே போகலாம். அதன் சென்சர் காத்திருப்பது முன்னாலிருந்து வரும் பலத்த மோதலுக்கு. மோதினால் சுமார் 30 மில்லி செக்கனில் இரசாயனம் எரிந்து, வாயு பையை நிரப்பும்; உடனே துளை வழியே வடியவும் தொடங்கும். அடுத்த இடிக்கு அது உதவாது.

பட்டியோ உருளும்போதும் ஆளை இருக்கையோடு பிடித்து வைத்திருக்கும். 1959இல் வொல்வோ பொறியியலாளர் நில்ஸ் போலின் தந்த மூன்று புள்ளிப் பட்டியில் பாரத்தைத் தாங்குவது நெஞ்செலும்பும் இடுப்பெலும்பும், வயிறல்ல. ஹட்டன் பக்கம் செங்குத்துச் சரிவில் நிறுத்திய வாகனத்தில் பட்டி இழுபடாமல் அடம்பிடிக்கும். பழுதென்று கராஜுக்கு ஓடவேண்டாம். சுருளுக்குள் இருக்கும் சிறு குண்டு சரிவில் நகர்ந்து பூட்டிவிடுகிறது. சமதரைக்கு வந்தால் சரி.

பட்டி போடாமல் எயார் பேக்கை நம்பினால், பிரேக்கிலேயே உடம்பு முன்னே போய்விடும். விரியும் பை முகத்தில் அறையும். முன்சீட்டில் மடியில் குழந்தையா? ஐயோ, வேண்டவே வேண்டாம்.

ஆனாலும் தலையை ஸ்டியரிங்கில் மோதாமல் காக்கப் பட்டி மட்டும் போதாது. வாங்கும்போது சாவி போட்டதும் எயார் பேக் விளக்கு எரிந்து அணைகிறதா பாருங்கள். எரியவே இல்லையென்றால் எயார் பேக்கின் பழுதை மறைக்க யாரோ அந்த விளக்கைக் கழற்றியிருக்கலாம்.