மைனிங்கில் ஓடிய 3060 டிஐ: மூன்று வருடம் கழித்து

போன வாரம் கவுந்தப்பாடியிலிருந்து சித்தப்பா பையன் போன் பண்ணினான். "அண்ணா, பெருந்துறையில ஒருத்தரு 3080 கிராபிக்ஸ் கார்டு தர்றேங்கறாருங்ணா. இருபத்தி மூணாயிரம். மைனிங்ல ஓடுன கார்டுதான்னு அவரே சொல்லீட்டாரு. நீங்க மூணு வருசமா அப்படி ஒண்ணுதான வெச்சிருக்கறீங்க, வாங்கலாமுங்களா?" போனில் நான் சொன்ன பதில் எனக்கே சரியாகப் படவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மைனிங் என்றால் கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கக் கார்டை இராப்பகலாகக் கணக்குப் போட வைப்பது. என்னிடம் இருப்பது அப்படி ஓடிய என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிராபிக்ஸ் கார்டு. இரண்டு ஃபேன், 8 ஜிபி, 200 வாட். அது எத்தனை எஃப்பிஎஸ் (கேமில் நொடிக்கு எத்தனை படம்) தரும் என்று இந்நேரம் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அதன் ஃபேன் சத்தத்தைப் பற்றி.

எங்கள் வீடு சோமனூர். முன்பக்கம் ஆறு விசைத்தறி, கூலிக்கு ஓட்டுகிறோம். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினால்கூடக் காதில் விழாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தறியை நிறுத்தியதும் வீடு திடீரென்று அமைதியாகிவிடும். அப்போது பார்த்து ஆரம்பிக்கும், கிர்ர்... கிர்ர்... என்று. முழு வேகத்தில் அந்தக் கிர்ர் இல்லை, 50 டிகிரிக்குக் கீழே ஃபேனே சுற்றாது. நிமிடத்துக்கு 1,300 சுற்றிலிருந்து 1,500 சுற்று வரைக்கும்தான் அந்தக் கத்தல். கேம் விளையாடும்போது ஃபேன் முக்கால்வாசி நேரம் அந்த இடத்தில்தான் நிற்கும்.

ஒரு நாள் அப்பா தண்ணீர் குடிக்க வந்தவர் கதவருகே நின்று கேட்டார். ஆறு தறியில் எந்தத் தறி எதற்காகத் தடுமாறுகிறது என்று கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்கிறவர் அவர். "அதுல பேரிங் போயிருச்சுடா. எண்ணெய் உட்டா ரண்டு நாளைக்குத் தாங்கும், பொறவு மறுபடி கத்தும்" என்றார். அப்படியேதான் ஆனது. எண்ணெய் விட்ட மூன்றாம் நாள் மறுபடி கத்தியது.

அந்த பேரிங் ஏன் போனது என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். 2020 கடைசியில் சேர்த்து வைத்த காசில் புது கம்ப்யூட்டர் கட்டினேன். கிராபிக்ஸ் கார்டை மட்டும் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று பழைய 1050 டிஐயைப் போட்டு வைத்தேன். 2021 பிப்ரவரி 25-ஆம் தேதி 3060 வந்தது. அமெரிக்காவில் 329 டாலர், இங்கே 29,500 ரூபாயிலிருந்து என்று அறிவித்தார்கள். மறுநாளே கோவை காந்திபுரத்துக்கு பஸ் ஏறினேன். ஏறி இறங்கிய முதல் கடையில் கார்டே இல்லை என்றார்கள். இரண்டாவது கடையில் இருந்தது, 58,000 ரூபாய். அதுவும் கார்டை மட்டும் தரமாட்டார்களாம், மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) சேர்த்து எடுத்தால்தான் பில். என்னிடம் இரண்டும் இருக்கிறது என்றேன். "அப்ப அடுத்த லோடு வரட்டுங்க தம்பி" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். எனக்குப் பின்னால் நின்றவர் ஆறு கார்டு இருக்குமா என்று கேட்டார். அவருக்கு உட்கார நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த ஆறு கார்டுக்காரரை அன்றைக்கு அப்படி வெறுத்தேன். இன்றைக்கு யோசித்தால் அவர் கணக்கு புரியாமல் இல்லை. பிட்காயின் 2013 வாக்கிலேயே தனி மைனிங் மெஷின்களுக்குப் போய்விட்டது, அதைத் தோண்ட கேமிங் கார்டு யாருக்கும் வேண்டாம். ஈத்தர் என்கிற நாணயத்தை ஓட்டும் எத்தீரியம்தான் நம்மைப் படுத்தியது. அதன் ஈத்தாஷ் கணக்குமுறைக்குத் தேவை வேகமான மெமரி. கேமிங் கார்டில் இருப்பதும் அதுதான். 3060 டிஐ ஒன்று 120, 130 வாட்டில் நொடிக்கு 60 மெகாஹாஷ், அதாவது ஆறு கோடிக் கணக்கு, போட்டுத் தரும். ஈத்தர் விலை ஏற ஏற, நாலைந்து மாதத்தில் போட்ட காசு திரும்பும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு 58,000 ஒரு விலையே இல்லை. நமக்கு அது விளையாட்டுச் சாமான், அவர்களுக்கு அது தறி. எவ்வளவு விலை கொடுத்தாலும் ஓட்டி எடுத்துவிடலாம் என்கிற ஆளோடு நாம் போட்டி போட முடியாது.

மைனிங் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். கொரோனா, சிப் பற்றாக்குறை, எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வாங்கியது, எல்லாம் சேர்ந்தது. ஆனால் என்விடியா செய்ததையும் சொல்ல வேண்டும். 3060-இல் மைனிங் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் பூட்டு இருக்கிறது, கேமர்களுக்காகத்தான் என்றார்கள். அடுத்த மாதமே அவர்களுடைய 470.05 பீட்டா டிரைவர் (கார்டை இயக்கும் சாஃப்ட்வேரின் சோதனைப் பதிப்பு) அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது, தவறுதலாக வந்துவிட்டது என்றார்கள். 2021 மே மாதத்துக்குப் பிறகு மற்ற கார்டுகளுக்கும் பூட்டுப் போட்டார்கள். 2022 மேயில் மைனிங் ஆட்கள் அதையும் முழுசாகத் திறந்துவிட்டார்கள். அதே மாதம் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு என்விடியாவுக்கு 55 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அதற்கு முந்தைய 2017, 2018 மைனிங் அலையில் கேமிங் கார்டு விற்பனை எவ்வளவு தூரம் மைனிங்கால் ஏறியது என்பதை முதலீட்டாளர்களிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை என்பதற்காக. பங்கு வாங்கியவர்களுக்காகக் கேட்க ஒரு அமைப்பாவது இருந்தது. கார்டு வாங்க பஸ் ஏறிப் போனவர்களுக்காகக் கேட்க ஒருவரும் இல்லை.

2022 செப்டம்பர் 15. எத்தீரியம் ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக்குக்கு, அதாவது மைனிங்குக்குப் பதில் நாணயத்தைப் பிணையாக வைக்கும் முறைக்கு, மாறிய நாள். அன்றோடு கிராபிக்ஸ் கார்டால் ஈத்தர் தோண்டுவது முடிந்தது. அக்டோபரில் தெரிந்தவர் ஒருவர் மூலம் பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். தறி ஓடி நின்றுபோன குடோன். தறிக் கால் பதித்திருந்த பள்ளம் தரையில் அப்படியே இருந்தது. அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்தில் ரைசர் கேபிளோடு (கார்டை மதர்போர்டிலிருந்து தள்ளி மாட்டும் கேபிள்) வரிசையாகப் பன்னிரண்டு கார்டு. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அவ்வளவுதான். கார்டுக்கு 130 வாட் என்றால் பன்னிரண்டுக்கு 1,560 வாட், ஒரு நாளைக்கு 37 யூனிட், இரண்டு மாதத்துக்கு 2,200 யூனிட்டுக்கு மேல். மைனிங் ஓடிய காலத்து வீட்டு மின் கட்டணத்தில் போட்டுப் பார்த்தாலே பதிமூவாயிரத்தைத் தாண்டும். அப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "தறி ஓடுனா துணி வருது. அங்க ஓடுனதுல என்ன வந்துச்சு?"

22,500 கொடுத்து ஒரு கார்டை எடுத்து வந்தேன். 2021 ஜனவரி பில் இருந்தது, பூட்டு வருவதற்கு முந்தைய கார்டு. பில்லைப் பார்த்தாலே முதல் நாளிலிருந்து மைனிங்கில்தான் ஓடியிருக்கும் என்று தெரிந்தது. விற்றவரும் மறைக்கவில்லை. கோரின் (கார்டின் மூளையான பெரிய சிப்) வேகத்தைக் குறைத்து, மெமரி வேகத்தை ஏற்றி, ஃபேனை 75 சதவீதத்தில் நிறுத்தி வைத்து ஓட்டியதாகச் சொன்னார். இருபது மாதம், இராப்பகலாக. ஃபேன் எப்படித் தாங்கும்?

ஆனால் கார்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மூன்று வருடத்தில் திரையில் ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒரு தடவை கறுத்துப்போனது என்று எதுவும் இல்லை. ஏப்ரல் மாதத்தில் ஓட்டுக்குக் கீழே இந்த அறை எப்படிக் கொதிக்கும் என்று சோமனூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், அதிலும் ஓடியது. மைனிங் கார்டு என்றாலே செத்த கார்டு என்கிற பேச்சை நான் நம்புவதில்லை. ஈத்தர் மைனிங்கில் கோருக்குப் பாரம் குறைவு, பெரும்பாரம் மெமரிக்குத்தான். ஏறி இறங்கும் சூடும் இல்லை, ஒரே நிலையில் ஓடும். தேய்வது ஃபேனும், சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேடும் பேஸ்ட்டும்தான். மூன்றும் மாற்றக்கூடியவை.

போன ஆயுத பூஜைக்கு அதைத்தான் செய்தேன். தறிகளை நிறுத்தி கம்ப்ரசரால் பஞ்சை ஊதிக்கொண்டிருந்தார்கள். நான் வாசல் திண்ணையில் துணி விரித்துக் கார்டைக் கழற்றினேன். ஹீட்சிங்க் தகடுகளுக்குள் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. விரலால் உரித்தால் ஒரே துண்டாக வந்தது. இது மைனிங் செய்த வேலை இல்லை, எங்கள் வீட்டுப் பஞ்சு. பஞ்சுக்கு அடியில்தான் மைனிங் தெரிந்தது. எட்டு மெமரி சிப்பைச் சுற்றியும் பேடிலிருந்து கசிந்த எண்ணெய், பிசுபிசுவென்று போர்டு வரைக்கும் இறங்கியிருந்தது. பேடைத் தொட்டால் காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்தது. தம்பி கம்ப்ரசரைக் கொண்டுவந்தான், வேண்டாம் என்று பிரஷ்ஷால்தான் எடுத்தேன். அந்தக் காற்று வேகத்தில் ஃபேன் தறிகெட்டுச் சுற்றினால் மிச்சமிருக்கும் பேரிங்கும் போகும்.

இங்கே ஒரு தப்புப் பண்ணினேன். மற்றவர்கள் செய்யக்கூடாது. மெமரிக்கு 1.5 மில்லிமீட்டர் பேடை வாங்கி ஒட்டி மூடிவிட்டேன். பேட் தடித்துப்போனதால் ஹீட்சிங்க் கோர் மேல் சரியாக அழுந்தவில்லை. கோர் 70 டிகிரி காட்டும்போது ஹாட்ஸ்பாட் (கோரிலேயே அதிகம் சூடான இடம்) 98. இந்தக் கார்டில் மெமரி சூட்டை எந்த சாஃப்ட்வேரும் காட்டாது, அதனால் கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மறுபடி கழற்றி, பேடை எடுத்துவிட்டுத் தெர்மல் புட்டி வைத்தேன். களிமண் மாதிரி இருக்கும், அழுத்தினால் எந்த இடைவெளிக்கும் பரவும். கோர் 64, ஹாட்ஸ்பாட் 77. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் புதுக் கார்டு வாங்கியிருந்தால்கூட வந்திருக்காது. ஃபேன் ஜோடியை அதன் நடுவில் உள்ள ஸ்டிக்கர் எண்ணைப் பார்த்து ஆர்டர் போட்டேன். 1,100 ரூபாய், ஒன்பது நாளில் வந்தது. அதுவரை பழைய ஃபேனோடே, 1,200-க்கு மேல் நேராக 1,600-க்குத் தாவும்படி சாஃப்ட்வேரில் ஃபேன் வேக அமைப்பை மாற்றி வைத்து ஓட்டினேன். கோரை 0.85 வோல்ட்டில் நிறுத்தியதில் 150 வாட்டுக்குள் முடிகிறது, எஃப்பிஎஸ் குறைந்ததே தெரியவில்லை.

புது ஃபேன் போட்ட அன்று ராத்திரி தறி நின்ற பிறகு ஒரு மணி நேரம் விளையாடினேன். சத்தம் இல்லை. காது மட்டும் அந்தக் கிர்ர்ரைத் தேடிக்கொண்டே இருந்தது. அன்று என்ன விளையாடினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

போன் பண்ணிய சித்தப்பா பையனுக்கு வருகிறேன். 3080 என் கார்டு மாதிரி இல்லை. அதில் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி, அடுப்பு மாதிரி காயும். ஒரு நல்லது, அதன் மெமரி சூட்டை சாஃப்ட்வேரில் பார்க்கலாம். கேமோ டெஸ்ட்டோ இருபது நிமிடம் ஓட்டிப் பார். 110 டிகிரிக்குப் போனால் கார்டு தானாக வேகத்தைக் குறைக்கும். 104-ஐத் தாண்டினாலே பேட் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு விலையைக் குறைத்துக் கேள். ஃபேனை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேள். எல்லா டிஸ்ப்ளே போர்ட்டிலும் மாட்டிப் பார். உன்னுடைய 550 வாட் எஸ்எம்பிஎஸ் அதற்குப் போதாது, என்விடியா சொல்வதே 750. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடு. பேடும் ஃபேனும் மாற்றத் தெரிந்தவனுக்கு இந்த விலைக்கு இவ்வளவு பலம் உள்ள கார்டு புதிதாகக் கிடைக்காது. 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதில் ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. புதுக் கார்டு மலிவாகும் என்று காத்திரு என்று என்னால் சொல்ல முடியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வாங்காதே என்றுதான் அவனிடம் போனில் சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன். என் கார்டு நன்றாக ஓடுகிறது, யார் கேட்டாலும் விற்கமாட்டேன். ஆனால் 2021-இல் நம் கைக்கு வரவேண்டிய கார்டை இரண்டு மடங்கு விலை கொடுத்து எடுத்துப் போனார்கள். ஓட்டித் தேய்த்துவிட்டு மிச்சத்தை நம்மிடமே விற்கிறார்கள், நாமும் சந்தோஷமாக வாங்குகிறோம். நான் வாங்கினேன். ஐம்பதாயிரம் இல்லாத பையன்களுக்கு வேறு வழி வைக்கவில்லை. அவனும் அதே வழியில் போகவேண்டாம் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

நேற்று ராத்திரி மறுபடி போன். "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லீட்டாருங்ணா, அட்வான்ஸ் ஆயிரம் குடுத்துட்டனுங்ணா." வேறென்ன சொல்வது? நான் வராமல் மிச்சப் பணத்தைக் கொடுக்காதே என்றேன். என்னுடைய 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பையில் வைத்திருக்கிறேன், மாட்டி ஓட்டிப் பார்க்க. அப்பாவும் வருகிறேன் என்கிறார், ஃபேன் சத்தம் கேட்க.