மின்சாரம் கேட்காத சைஃபன்: சில ஆண்டு அனுபவம்

பக்கத்து ஊரில் கழிவுநீருக்கு நாணல் படுகை அமைக்கப்போகிறார்களாம். உங்களுடையது எப்படி உழைக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்ட நேரம் சரியில்லை. படுகைக்கு நீரைக் கொட்டும் சைஃபனை நேற்றுதான் மறுபடியும் கழற்றி மாட்டினோம். கையில் வாடை இன்னும் போகவில்லை.

முதலில் செப்டிக் டேங்க், அடுத்து மணலும் சரளையும் நிரப்பி நாணல் நட்ட படுகை. 1950களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் நீர்த்தாவரங்களை வைத்துச் சோதனைகள் செய்த காலத்திலிருந்து வளர்ந்து வந்த முறைதான். எங்களுடையது செங்குத்துப் படுகை. நீர் மேலிருந்து கீழே வடியும். ஆளுக்கு 2 முதல் 4 சதுர மீட்டர் இடம் போதும். வெளிவரும் நீர் தெளிவாக இருக்கிறது. நாற்றம் இல்லை. மேலே நீர் தேங்காததால் கொசுவும் இல்லை. படுகையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

குறையெல்லாம் அந்தச் சைஃபன் மேல்தான்.

இத்தகைய படுகையில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. சேர்த்துவைத்து ஒரே மூச்சில் பரப்பெங்கும் கொட்ட வேண்டும். அது வடியும்போது காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா அந்தக் காற்றில்தான் பிழைக்கிறது. இந்த வேலையை மின்சாரமே இல்லாமல் செய்வது சைஃபன். செப்டிக் டேங்குக்கும் படுகைக்கும் இடையே உள்ள தொட்டியில் நீர் ஏற ஏற, சைஃபனின் மணி வடிவ மூடிக்குள் சிக்கிய காற்று அழுந்தும். ஒரு மட்டம் வந்ததும் அது அடிவளைவு வழியே பீறிட்டு வெளியேற, தொட்டி நீர் மொத்தமும் பாய்ந்து போகும். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். நானும் போய் நிற்பதுண்டு.

ஆனால் மூடியின் வாஷர் சற்றே கசிந்தால் போதும், காற்று தங்காது. நீர் வருகிற வேகத்திலேயே மெல்ல வழிந்து போய்க்கொண்டிருக்கும். தொட்டி நிறையாது, காலியும் ஆகாது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பம்ப் நின்றால் தொட்டி பொங்கும், ஊரே ஓடிவரும். சைஃபன் கெட்டால் யாருக்கும் தெரியாது. நீரைப் பரப்பும் குழாயின் முதல் துளைகளுக்கு அருகே மட்டும் படுகை ஊறி, சளி பிடித்து அடைத்துக்கொள்ளும். மறுகோடியில் நாணல் மஞ்சளான பிறகுதான் விஷயம் வெளியே வரும். மிதவையோடு ஓர் எண்ணியைப் பொருத்தியிருந்தால், எண் நகரவில்லை என்பதை அன்றே பார்த்திருக்கலாம். அமைத்தவர்கள் அதை வைக்கவில்லை. 'அசையும் பாகமே இல்லை, பராமரிப்பே தேவையில்லை' என்றார்கள். அசையாத பொருள் கெடாது என்று இவர்களுக்கு யார் சொன்னது?

நியாயமாகப் பார்த்தால் பாதிப் பழி சைஃபனுக்குச் சேராது. செப்டிக் டேங்கில் மூன்றில் ஒரு பங்கு கசடு ஏறியதும் அள்ளிவிட வேண்டும். தாமதித்தால் தலைமுடியும் நூலும் கொழுப்பும் வந்து சைஃபனின் காற்றுக்குழாயை அடைக்கும். ஈரத் துடைப்புத் தாளைக் கழிப்பறைக்குள் போடாதீர்கள் என்று சொல்லாத கூட்டம் இல்லை. போடுகிறவர்கள் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். எந்த வீடு என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: படுகை வையுங்கள், சைஃபன் வேண்டாம். நேரக்கருவியோடு ஒரு சிறிய பம்ப் போதும். மின்சாரம் நின்ற நாள்களில்கூட எங்கள் சைஃபன் நின்றதில்லை என்பதையும், இத்தனை காலத்தில் அது மின்கட்டணமாக ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லிவிட்டேன். பதில் மாறவில்லை.

அப்படியும் சைஃபன்தான் என்றால், தொட்டிக்கு மேலே தாராளமான திறப்பு விடச் சொல்லுங்கள். தலையை மட்டும் உள்ளே விடாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு ஆளையே கொன்றுவிடும். எங்கள் திறப்பில் ஸ்பானர் நுழையும், அதைப் பிடித்த கை நுழையாது. ஒவ்வொரு முறையும் காங்கிரீட் பலகையையே தூக்குகிறோம்.