மார்த்தாண்டத்து அமெரிக்க கிறிஸ்துமஸ் பெட்டி: மீனுக்காகவே வாங்கலாம்

மார்த்தாண்டத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஓர் அக்கா, போன டிசம்பரில் ‘அமெரிக்க கிறிஸ்துமஸ் பெட்டி’ போட்டார். விலை 1,400 ரூபாய். திறந்தால் பனியும் மான் வண்டியும் இல்லை. அந்த நாட்டில் எந்தப் பக்கத்து ஜனங்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்களோ, அதில் சில பண்டங்கள். கூடவே 24ஆம் தேதி ராத்திரிக்கு ஏழு மீன் சாப்பாடு. இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

மீனிலிருந்தே தொடங்குகிறேன், நாங்கள் கடற்கரை ஊரான முட்டத்துக்காரர்கள். தெற்கு இத்தாலியிலிருந்து போய் நியூயார்க், நியூஜெர்சி, பிலடெல்பியா பக்கம் குடியேறியவர்களின் வழக்கம் இது. திருவிழாவுக்கு முந்தின நாள் இறைச்சி தொடக்கூடாது என்ற பழைய கத்தோலிக்க ஒறுத்தலில் பிறந்தது. இறைச்சி இல்லையென்றால் என்ன என்று கடலையே மேசைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்! அங்கே உப்பிட்டுக் காயவைத்த காட் மீனை ஊறப்போட்டு, உப்பை இறக்கிச் சமைப்பார்கள். அக்கா அதற்குப் பதிலாக நெய்மீன் கருவாடு எடுத்திருந்தார். சரியான தேர்வுதான், ஆனால் ஊறியது போதவில்லை, உப்பு தூக்கல். தக்காளியில் வெந்த சிப்பி பிரமாதம். பூண்டும் எலுமிச்சையும் மட்டும் சேர்த்த கணவாய் அதைவிட மேல். ஒரு நிமிஷம் கூடினாலும் கணவாய் ரப்பராகிவிடும். அது பஞ்சு மாதிரி இருந்தது. இறால், நண்டு, பொரிச்ச நெத்தோலி மூன்றிலும் குறையில்லை. சாளையை மட்டும் ஓவனில் காயவிட்டுவிட்டார். மிளகாய்த்தூள் இல்லாத மீனை என் கொழுந்தன் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதன் பிறகுதான் எல்லாரும் நடுச்சாமப் பூசைக்குக் கிளம்பினோம்.

அடுத்தது, அமெரிக்காவுக்கு உட்பட்ட தீவான போர்ட்டோ ரிக்கோ ஜனங்களின் பஸ்டேலஸ். பச்சை வாழைக்காயையும் சேம்பு மாதிரியான ஒரு கிழங்கையும் அரைத்து, நடுவில் பன்றி இறைச்சி வைத்து, வாழையிலையில் மடித்து, நூல் கட்டி வேகவைப்பது. என் மாமியார் நூலை அவிழ்த்ததும், “இதென்ன மக்கா, நம்ம இலையப்பத்துக்குள்ள இறச்சிய வச்சிருக்கு!” என்றார். வாழையிலை மணம் உள்ளேவரை இறங்கியிருந்தது. டெக்சாஸில் இதே வேலையைச் சோளமாவிலும் சோளத்தோகையிலும் செய்கிறார்கள். அதன் பெயர் டமாலே. அங்கேயும் இது தனி ஆள் வேலை இல்லை, குடும்பமே கூடி உட்கார்ந்து கட்டுவது. முந்திரிக்கொத்துக்கு நம் வீடுகளில் கூடுவதும் இப்படித்தானே.

பிஸ்கோசிட்டோவில்தான் எனக்கு வருத்தம். நியூமெக்சிகோ அதை 1989இல் தன் மாநில பிஸ்கட்டாகவே அறிவித்தது. சோம்பு மணமும் மேலே பட்டைத்தூள் கலந்த சர்க்கரையும் சரியாக வந்திருந்தன. ஆனால் அந்த பிஸ்கட்டின் உயிரே பன்றிக் கொழுப்பு. அதனால்தான் வாயில் வைத்ததும் பொடிந்து உதிரும். அக்கா வெண்ணெய் போட்டிருக்கிறார். பஸ்டேலஸில் பன்றி இறைச்சியே வைத்தவருக்கு இங்கே என்ன தயக்கம்? கேட்டதற்கு, பிள்ளைகள் சாப்பிடுவது என்பதால் மாற்றினாராம். எனக்குச் சம்மதமில்லை.

மினசோட்டா பக்கம் நார்வேக்காரர்கள் சுடும் லெஃப்சே என்ற உருளைக்கிழங்கு ரொட்டி ஆறி விறைத்து வந்தது. வட கரோலினாவில் மொரேவியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையார் செய்யும் இஞ்சி பிஸ்கட் அப்பளம் கனத்தில், கராம்பு வாசனையோடு நன்றாக இருந்தது. அதே சபையார் 1741இல் பென்சில்வேனியாவில் ஊர் அமைத்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அதற்குப் பெத்லகேம் என்று பெயரிட்டார்கள் என்று கூட வந்த தாளில் இருந்தது. அவர்களுடைய 26 முனை நட்சத்திரமும் காகிதத்தில் ஒன்று வைத்திருந்தார். எங்கள் வாசல் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அதையும் தொங்கவிட்டோம்.

லூசியானாவை விட்டது பெரிய குறை. மிசிசிப்பி ஆற்றங்கரையில் 24ஆம் தேதி ராத்திரி வரிசையாகத் தீ மூட்டி, கம்போ என்ற குழம்பு வைக்கும் ஊர்கள் அவை. கம்போவுக்கு வேண்டிய வெண்டைக்காயும் இறாலும் நம் சந்தையிலேயே கிடைக்கும். அடுத்த பெட்டியில் சேருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆறு பேருக்கு மீன் தாராளம், பிஸ்கட் குறைவு. முட்டம்வரை கொண்டு வந்து தர தனியாகக் காசு வாங்கவில்லை. மீன் அன்றைக்கு வாங்கிச் சமைப்பது, அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லெஃப்சே வேண்டாம் என்றால் அதற்குப் பதிலாகக் கணவாய் கூட்டித் தருகிறார். நான் இந்த வருஷம் அப்படித்தான் சொல்லப் போகிறேன்.