ஆரி பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறவங்க இதைப் படிச்சுட்டுக் கொடுங்க: ₹28,500 போச்சு

சூட்டோட சூடா எழுதுறேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கங்க. ரெண்டு கல்யாண பிளவுஸ், ஆரி வேலைக்கு, அதாவது கொக்கி ஊசியால கையில போடுற எம்பிராய்டரிக்கு. முகூர்த்தத்துக்கு ₹16,500, ரிசப்ஷனுக்கு ₹12,000, மொத்தம் ₹28,500. கடைப் பேரைப் போட மாட்டேன். மாடியில ஏசி, சோபா, சுவர் முழுக்கக் கண்ணாடி, ஓயாம ரீல்ஸ் போடுற பிரைடல் பிளவுஸ் கடை. அவ்வளவு போதும்.

பேசினது இதுதான். முகூர்த்தப் புடவை அரக்குல பச்சை பார்டர் போட்ட காஞ்சிபுரம். புடவையோட ஓடி வந்த பச்சை பிளவுஸ் பிட், 80 சென்டிமீட்டர், வெட்டிக் கையில கொடுத்தாச்சு. பிட்டுல நெய்திருக்கிற சரிகை பார்டர் ரெண்டு கை ஓரத்துக்கும் வரணும். பின்பக்கம் பானைக் கழுத்து. அதைச் சுத்தி ஜோடி மயில், லோடு ஸ்டிச்சுல மேடா தூக்கி. மயில் உடம்புக்கு ஆன்டிக் ஜர்தோசி (பழைய தங்க நிறத்துல இருக்கிற சுருள் கம்பி), தோகைக்குக் குந்தன் கல். கல்லை ஒட்டக் கூடாது, தைக்கணும். எல்லாம் கை வேலை. ஆடியிலேயே கொடுத்தாச்சு, ஆவணி நெருக்கத்துல மாட்டிக்கக் கூடாதுன்னு.

நம்பிக்கை எதுல வந்துச்சுன்னா, கடைக்கார அம்மா காட்டின ஒரு சாம்பிள்ல. இன்னும் லைனிங் போடாத பிளவுஸ். அதைத் திருப்பிப் போட்டு, "உள்பக்கம் பாருங்கக்கா. மேல என்ன கலர் நூலோ அதே கலர்தான் அடியிலயும் ஓடும். கம்ப்யூட்டர் வேலைன்னா அடியில வெள்ளை நூல் தெரியும். எங்ககிட்ட ஒளிக்க ஒண்ணுமில்லக்கா"ன்னாங்க. சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆரியில ஒரே நூல். துணியை இழுத்துக் கட்டுற மரச் சட்டத்துக்கு (அதைத்தான் 'காட்'னு சொல்வாங்க) அடியில ஒரு கை நூலைக் கொடுக்கும், மேல இருக்கிற கை கொக்கி ஊசியை இறக்கி அதை இழுத்துச் சங்கிலியாக் கோர்க்கும். மெஷின்ல மேல் நூல் வேற, அடியில ஓடுற பாபின் நூல் வேற. டிசைன்ல கலர் மாறும்போதெல்லாம் பாபினை யாரும் மாத்திக்கிட்டு இருக்க மாட்டாங்க, வெள்ளையையோ கருப்பையோ போட்டு ஓட்டிடுவாங்க. இவ்வளவு தொழில் தெரிஞ்சு, அதுவும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கிறவங்க ஏமாத்துவாங்கன்னு யாருக்குத் தோணும்? அங்கேயே ₹15,000 அட்வான்ஸ்.

நடுவுல வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு. காட்டுல இழுத்துக் கட்டின துணி, மயில் மட்டும் கிட்டக்க. பார்டர் எங்கேன்னு கேட்டதுக்கு, "அது கைக்கு வரும்க்கா, இது முதுகு." சரின்னு விட்டாச்சு.

டெலிவரி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். பாக்கி ₹13,500 ஏறின மெசேஜைப் பார்த்த பிறகுதான் டப்பாவைக் கையில கொடுத்தாங்க. அதுக்குள்ள இருந்ததை ஒவ்வொண்ணாச் சொல்றேன்.

துணியே நம்ம துணி இல்லை. காஞ்சி பிட் கனமா, கையில மொரமொரன்னு நிக்கும். இது வழவழன்னு ஓடுது. கை ஓரத்துல இருக்கிறது நெய்த பார்டர் இல்ல, மேல வச்சுத் தைச்ச ஜரி லேஸ். தையல் மார்ஜின்ல ரெண்டு நூல் உருவிக் கொளுத்திப் பார்த்தா உருகிக் கருப்பா, கெட்டியா உருண்டுக்குது. பட்டுன்னா முடி கருகுற நாத்தம் வரும், சாம்பலை விரல்ல தேய்ச்சாப் பொடியாகும். இது சுத்த பாலியஸ்டர்.

அடுத்து லைனிங்கோட கீழ் ஓரத்தை ஒரு இஞ்ச் பிரிச்சு உள்ள பார்த்தாச்சு. பச்சைத் துணியில வெள்ளை பாபின் நூல். தையலுக்கு நடுவுல இன்னும் கிழிக்காம விட்ட பேப்பர் வேற ஒட்டிக்கிட்டு இருக்கு. மெஷின்ல துணி சுருங்காம இருக்க அடியில வைப்பாங்களே, அந்தப் பேப்பர். அந்தம்மா சொல்லிக் கொடுத்த பரீட்சையில அந்தம்மா பிளவுஸே ஃபெயில்.

அப்ப புரிஞ்சுது. இது ரெடி ஒர்க் பிட். கழுத்தும் கையும் மெஷின்ல போட்டு மொத்தக் கடையில ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்கே கிடைக்கும். மேல நாலு வரி ஜர்தோசியைக் கையால ஓட்டி, கல்லை ஒட்டிட்டா முன்பக்கத்துல இருந்து லேசுல கண்டுபிடிக்க முடியாது. ஜர்தோசி மட்டும் நிஜம்.

அளவு சொதப்பினதும் இதனாலதான். ஒழுங்கான ஆரி வேலையில முதல்ல ஆள் அளவைத் துணியில வரைவாங்க. கழுத்து, தோள், கைக்குழி எல்லாம் குறிச்ச பிறகு, ஊசியால குத்தின டிரேசிங் பேப்பரை அந்தக் கோட்டுக்குள்ள வச்சு டிசைனை இறக்குவாங்க. வேலை முடிஞ்சு காட்டுல இருந்து கழட்டினா துணி கொஞ்சம் உள்வாங்கும், அதனால திரும்ப அளந்துதான் வெட்டணும். ரெடி பிட்டுல கழுத்து ஏற்கெனவே போட்டது, அகலத்தை மாத்த முடியாது. பொண்ணோட மார்பு 36. தைச்சு முடிச்சா 37 வரணும். டேப் வச்சா 34½. சரி, பிரிச்சு விடலாம்னு பார்த்தா பக்கத் தையல்ல ஒண்ணரை இஞ்ச் இருக்க வேண்டிய இடத்துல அரை இஞ்ச்தான் மார்ஜின். பிட்டோட அகலமே அவ்வளவுதான், பாவம் டெய்லர் என்ன பண்ணுவார்? மயிலோட கொண்டை தோள் தையலுக்குள்ள போயிடுச்சு. ஒரு மயிலுக்கு மட்டும். இன்னொண்ணு கொண்டையோட இருக்கு.

கல்லு எல்லாம் பசை. ஒவ்வொரு கல்லைச் சுத்தியும் எண்ணெய் பட்ட மாதிரி வளையம். இஸ்திரிச் சூடு பட்டதும் மூணு உதிர்ந்துச்சு. தைக்கிற குந்தன்ல ஓரத்துல ஓட்டை இருக்கும், இல்லன்னா சுத்தி ஜர்தோசியால பிடிச்சுக் கட்டுவாங்க. இதுல ரெண்டும் கிடையாது.

ரிசப்ஷன் பிளவுஸ் கை வேலைதான், ஆனா அவசர வேலை. கட் பீட்ஸ்ங்கிற குட்டிக் குழாய் மணியோட விளிம்பு கண்ணாடிக் கூர்மை, சாதா நூலை அறுத்துடும். அதனாலதான் கெட்டி நூல்ல கோர்த்து, அங்கங்க முடிச்சுப் போட்டு நிறுத்துவாங்க. இவங்க முடிச்சே போடல. ஆரிச் சங்கிலியில ஒரு நுனி விட்டா வரிசையா அவிழும். மேடையில மணி கொட்டுச்சு. பக்கத் தையல் ஓடுற கோட்டுல இருந்த மணியையும் நொறுக்கி எடுக்காம அப்படியே தைச்சிருக்காங்க, இடுப்புப் பக்கம் தையல் விட்டு விட்டு ஓடியிருக்கு.

முகூர்த்தத்துக்கு அக்காக்காரியோட பழைய பச்சை பிளவுஸ். ₹28,500 டப்பாவுக்குள்ள தூங்குச்சு.

இனி பதில்களைக் கேளுங்க. அன்னைக்கு ராத்திரி போன் போட்டப்ப, "மாஸ்டர் ஊருக்குப் போயிட்டாருக்கா, காலையில பார்க்கலாம்." காலையில முகூர்த்தம்! அடுத்து, "பொண்ணு வெயிட் போட்டிருப்பாங்கக்கா, கல்யாண நேரத்துல எல்லாருக்கும் நடக்கிறதுதான்." ஆடிக்கும் ஆவணிக்கும் நடுவுல ரெண்டரை இஞ்சா? பாபின் நூல் போட்டோ அனுப்பினதுக்கு ப்ளூ டிக் மட்டும். எங்க பட்டு பிட் எங்கேன்னு கேட்டா, "அதுலதான்க்கா தைச்சிருக்கு, டை பண்ணினதால ஷேட் மாறியிருக்கும்." யார் டை பண்ணச் சொன்னது? நேர்ல போய்க் கேட்டப்ப, "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுல்லக்கா, அப்புறம் என்ன?" கடைசியா மேனேஜர்னு ஒரு தம்பி பேசினான். கஸ்டமைஸ்டு பீஸுக்கு ரீஃபண்ட் கிடையாதாம், வேணும்னா அடுத்த ஆர்டர்ல பத்து சதவீதம் தள்ளுபடியாம். அடுத்த ஆர்டர்!

பில் கேட்டா எஸ்டிமேட்னு ஒரு துண்டுச் சீட்டு. கடைப் பேரு கூட ரப்பர் ஸ்டாம்ப். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராம இருக்கிறதும், குறை உள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுக்கிறதும் முறையற்ற வணிகம்தான். எத்தனை நாளுக்குள்ள திரும்ப வாங்கணும்னு பில்லுல போடலைன்னா 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லியாச்சு. அதுல ஆகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். ₹5 லட்சம் வரைக்கும் அங்க கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், கை ஓட மாட்டேங்குது. இதை மட்டும் பிடிச்சுக்கங்க.

வேலை முடிஞ்சு காட்டுல இருந்து கழட்டினதும், லைனிங் போடுறதுக்கு முன்னாடி நேர்ல போய்த் திருப்பிப் பாருங்க. லைனிங் ஏறினா எல்லாம் மூடிடும். வீடியோ கால்ல பார்க்கிறதுன்னா கேமராவை விலக்கி முழுத் துணியும் பார்டரோட காட்டச் சொல்லுங்க.

பட்டு பிட் கொடுக்கும்போது ஓரத்துல கலர் நூலால ரெண்டு தையல் போட்டு, போட்டோ எடுத்து, அதே வாட்ஸ்அப்புக்கு அனுப்பிடுங்க. தைச்ச பிறகு மிச்சத் துணியைக் கேட்டு வாங்குங்க. அந்த நூல் அதுலயாவது இருக்கணும், இல்ல உள் மார்ஜின்லயாவது இருக்கணும்.

பக்கத் தையல்ல ஒண்ணரை இஞ்ச் விடணும்னு சீட்டுலயே எழுத வைங்க. "கல் தைக்கணும்"னும் எழுத வைங்க.

டெலிவரி தேதி முகூர்த்தத்துக்கு பத்து நாள் முன்னாடி. போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி இறக்கிப் பார்த்த பிறகுதான் பாக்கிப் பணம். டப்பாவைப் பிரிக்கும்போது ஒருத்தர் வீடியோ எடுத்துக்கிட்டே இருங்க. வாட்ஸ்அப்ல பேசினதையும் பணம் அனுப்பின ரசீதையும் அழிச்சுடாதீங்க, புகாருக்கு முதல்ல அதைத்தான் கேட்கிறாங்க.