ஃபாரஸ்டா, பூத்தா: யாரிடமிருந்து தொடங்குவது?

பழைய அமெரிக்க நாடகமேடையைப் படிக்க வருபவர்கள் எட்வின் ஃபாரஸ்ட், எட்வின் பூத் என்ற இரு நடிகர்களில் யாரை முதலில் எடுப்பது என்று தயங்குகிறார்கள்.

தொடக்கம்
ஃபாரஸ்ட்: 1806இல் பிலடெல்பியாவில் பிறந்தவர், 14 வயதில் மேடையேறினார்.
பூத்: 1833இல் பிறந்தவர், நடிகரான தந்தைக்குத் துணையாக ஊர் ஊராக அலைந்து தொழில் கற்றார்.

நடிப்பு
ஃபாரஸ்ட்: கட்டுமஸ்தான உடல், இடி போன்ற குரல்.
பூத்: மெலிந்த உடல், அடக்கமான பேச்சு. 1864–65இல் நியூயார்க்கில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டாகத் தொடர்ந்து 100 இரவுகள் நடித்தார்.

சோதனை
ஃபாரஸ்ட்: ஆங்கிலேய நடிகர் மக்ரெடியுடன் இருந்த பகை ரசிகர்களையும் பற்றிக்கொண்டது. 1849 மே 10 அன்று நியூயார்க்கின் ஆஸ்டர் பிளேஸ் அரங்கின் முன் கூட்டம் கல்லெறிந்தது, படையினர் சுட்டனர், 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.
பூத்: அமெரிக்க அதிபர் லிங்கனைச் சுட்டுக் கொன்றவர் பூத்தின் தம்பி ஜான் வில்க்ஸ் பூத். மேடையை விட்டு விலகிய அண்ணன், 1866 ஜனவரியில் அதே ஹாம்லெட்டாகத் திரும்பினார். அரங்கம் எழுந்து நின்று வரவேற்றது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எஞ்சியது
ஃபாரஸ்ட்: முதிய நடிகர்களுக்கான இல்லம், அவர் விட்டுச்சென்ற சொத்தில் எழுந்தது.
பூத்: 1890இல் மெழுகு உருளையில் (அந்நாள் ஒலிப்பதிவு முறை) பதிவான ஒத்தெல்லோ நாடக வசனம். கரகரப்புக்கு அடியில், அவசரமில்லாத அந்தக் குரல் மெல்லக் கேட்கிறது.

ஒரு நடிகருக்காக மக்கள் தெருவில் இறங்கிய காலத்தை அறிய வேண்டுமா? ஃபாரஸ்ட். நடிப்புக் கலையே உங்கள் நாட்டம் என்றால் பூத். முதலில் அந்த ஒலிப்பதிவைக் கேளுங்கள்.